ஒழுகலும் ஓதமும் வறண்ட கிணறும்: ஆச்சியின் பதில்கள்

வீட்டில் தண்ணீர் மிஞ்சினாலும் பாடு, தீர்ந்தாலும் பாடு என்று எழுதும் வாசகர்களுக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஆச்சி பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆச்சி, நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கோட்டையூர் வீட்டுக்குப் பொங்கலுக்கும் படைப்புக்கும்தான் வருவோம். போன ஐப்பசி மழையில் முற்றத்தைச் சுற்றிய வளவில் இரண்டு மூலையில் ஒழுகி, தூண் ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டால் தொல்லை விட்டது என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா?
- வாசகர், சென்னை

பதில்: வேண்டாம் தம்பி. அதோடு அவருக்குத் தொல்லை விடும், உங்களுக்கு விடாது.

மூலையில் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிகிறது அல்லவா? இரண்டு சரிவு சேர்கிற இடம்தான் கூடல்வாய். மூலைத் தண்ணீரெல்லாம் குவிந்து இறங்குவது அதன் வழியாகத்தான். அங்கே தகரம் பதித்திருப்பார்கள். வேப்பிலை, புறா எச்சம், உடைந்த ஓட்டுச் சில்லு எல்லாம் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால், தண்ணீர் பக்கவாட்டில் பொங்கி ஓட்டுக்கு அடியில் நுழைந்துவிடும். நுழைந்தது நேரே கீழே விழுந்தால் கண்டுபிடிக்கலாம். அது ஓட்டைத் தாங்கும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து, எங்கேயோ போய்த் தூணருகில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே நாலு ஓட்டை மாற்றிவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஆள் ஏற்றி நாலு கூடல்வாயையும் சுத்தம் செய்யுங்கள். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். முகட்டு ஓட்டுப் பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த சீமை ஓட்டுக்குப் புது ஓடு வாங்குவதற்கு முன்னால் பின்கட்டில் தேடிப் பாருங்கள். பழைய வீடுகளில் உபரி ஓடு அடுக்கி வைத்திருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு வேறு. புதியது பழையதன் காடியில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த இடுக்கே ஒழுகலுக்குப் போதும். இதையெல்லாம் ஆடி, ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் கூப்பிட்டால் ஓடு மாற்றும் ஆள் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் பாசி பிடித்த ஓட்டில் அவரை ஏற்றுவது பாவம்.

மறுபடி ஓடு விலகுமா என்றால், விலகும். குரங்கு வரும், மயில் வரும். மயில் தேசியப் பறவை, அதை ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு வேலை கொடுங்கள். மழை பெய்யும்போது வளவில் நின்று நாலு மூலையையும் செல்போனில் படம் பிடித்து அனுப்பட்டும். வெயிலில் எடுத்த படத்தில் கறைதான் தெரியும், தண்ணீர் வந்த வழி தெரியாது.

கான்கிரீட் ஏன் கூடாது? அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டியவை. ஓட்டுக்கும் மரத்துக்கும் ஏற்ற கனத்தை நினைத்துக் கட்டினார்கள். அதன் தலையில் கான்கிரீட்டை ஏற்றினால் எங்கே வெடிக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் போட்ட மேல்மாடிக்கும் இதே பேச்சுதான். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம் அது. மேலே சிமென்ட்டால் மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வராமல், சுவருக்குள் இருக்கும் உத்தர முனைதான் முதலில் உளுக்கும். தட்டோட்டுச் சந்தைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதுதான் வேலை. மெதுவான வேலை, ஆனால் அதுதான் வேலை.

இன்னொன்று, முற்றத்துத் தூம்பு. போன பொங்கலுக்கு வந்தபோது அதைப் பார்த்தீர்களா? இரண்டு குடம் தண்ணீரைச் சாய்த்து, தெருப்பக்கம் வந்து விழுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு அடியிலேயே போய் வெளியேறுகிற வழி அது. அடைத்துக்கொண்டால் ஒரே ராத்திரி மழையில் முற்றம் நிரம்பிப் பத்தித் தாழ்வாரத்தில் ஏறிவிடும். கூரை ஒழுகலைவிட அது பெரிய சேதம்.

கேள்வி: தேவகோட்டையில் ஐயா கட்டிய வீடு. முகப்புச் சுவரில் கீழே மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்ந்தது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி ஆயில் பெயின்ட் அடித்தோம். ஒரு வருஷம் பளபளவென்று இருந்தது. இப்போது ஓத ஈரம் சிமென்ட்டுக்கும் மேலே ஏறிவிட்டது. ஊசி மாதிரி மருந்து ஏற்றினால் நிற்கும் என்கிறார்களே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பழைய பூச்சைக் கொத்தியது போனது போகட்டும் ஆத்தா. இனி அங்கே சிமென்ட்டைத் தொடாதீர்கள்.

செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை யாராலும் முழுசாக நிறுத்த முடியாது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் கீழேயே காற்றில் போய்க்கொண்டிருந்தது. சிமென்ட்டும் ஆயில் பெயின்ட்டும் வெந்நீர்ப் பானைக்கு மூடி போட்ட மாதிரி. உள்ளே இருக்கிற ஈரத்துக்குப் போக இடமில்லை, மேலே ஏறுகிறது. மூடாத இடம் எங்கே வருகிறதோ அங்கே காய்கிறது. காயும்போது மண்ணிலிருந்து கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்த உப்பு உறைந்து பெருத்துத்தான் பூச்சைத் தள்ளுகிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள். சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும்.

சுவருக்குள்ளிருந்து என்றால் வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துச் செம்பருத்தி நட்டிருக்கிறதா? ஏசி தண்ணீர்க் குழாய் சுவரடியில் சொட்டுகிறதா? பாத்திரம் கழுவும் தொட்டியில் கசிவு உண்டா? ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, மழைத் தண்ணீர் சுவரடியில் நிற்கிறதா? நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்த நாலில் ஒன்றுதான் காரணம். மண்ணை எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்தாலே பாதி குணமாகிவிடும். மருந்து ஏற்றுகிறவரை அதற்கு அப்புறம் கூப்பிடலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

அப்புறம் ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரைக்கும் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாரிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிறகு நீற்றிய சுண்ணாம்பும் மணலும் அரைத்துப் பூசுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு விட்டு மெருகேற்றுவது கடைசிப் பூச்சுக்கு. உங்கள் முகப்பின் அடிச்சுவருக்கு அந்தச் செலவு வேண்டாம். மேலே வெள்ளையடித்தால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு பங்காளிக் குடும்பம். ஒழுகல் ஒரு புள்ளியின் அறைக்கு மேலே. மற்றவர்கள் பணம் தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், கொத்தமங்கலம்

பதில்: அறைக்குத்தான் பங்கு, கூரைக்கு ஏது பங்கு? இதை நான் சொன்னால் பங்காளிகள் கேட்கவா போகிறார்கள்? ஒழுகுகிற தண்ணீர் கைமரம் வழியாக அடுத்த புள்ளியின் அறைக்கு வர இரண்டு மழை போதும். தேதியோடு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். கல்யாணத்துக்கோ சினிமா ஷூட்டிங்குக்கோ வீட்டை வாடகைக்கு விட்டால், வருகிற பணத்தைப் பிரிப்பதற்கு முன்பே கூரைக்கு என்று ஒரு பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். கையில் கொடுத்த பிறகு கேட்டால் ஒருவரும் தர மாட்டார்கள்.

கேள்வி: காரைக்குடியில் வீடு. போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டது, இன்னும் ஆழமாகப் போடச் சொல்கிறார்கள். பின்கட்டில் ஐயா காலத்துக் கிணறு வறண்டு கிடக்கிறது. கொசு வருகிறது, குப்பை சேர்கிறது. அதை மூடிவிட்டு மேலே கார் நிறுத்த இடம் செய்யலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: காரை வெளியே நிறுத்துங்கள் தம்பி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். தெறித்தது, ஆவியானது, ஓடு குடித்தது போக 750 லிட்டர் கைக்கு வரும். கட்டு வைத்த பழைய வீட்டுக்குக் கூரை ஐயாயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பேப்பரில் ‘5 செ.மீ. மழை’ என்று போட்ட ஒரு நாளில் உங்கள் கூரையிலிருந்து 18,000 லிட்டருக்கு மேல் இறங்கித் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்றரை. கோடையில் அதே தண்ணீருக்கு லாரிக்காரரைப் போனில் கெஞ்சுவீர்கள்.

கிணற்றைத் தூர் வாருங்கள். ஆனால் கவனம். வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சு விடக் காற்று இருக்காது. மேலிருந்து காற்றை ஊதி உள்ளே செலுத்தாமல், இடுப்பில் கயிறு கட்டி மேலே ஆள் நிறுத்தாமல் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் அவரைத் தூக்கப் பதறி இறங்குகிறவரும் போய்ச் சேர்வதுதான் வழக்கமாக நடக்கிறது. தூர் வாரும் தொழில் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

வாரிய பிறகு, கிணற்றுக்குப் பக்கத்தில் மூன்றடிக்கு மூன்றடி, நாலைந்து அடி ஆழத்தில் ஒரு வடிகட்டும் தொட்டி கட்டுங்கள். அடியில் பெரிய கருங்கல் ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேல் ஆற்று மணல். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை விரித்தால் மணல் கீழே இறங்காது. கூரைத் தண்ணீர் மேலே வந்து விழ, தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் கிணற்றுக்குள் போகட்டும். முதல் மழையில் கூரைத் தூசியும் எச்சமும்தான் வரும். அதை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வையுங்கள். வருஷா வருஷம் புரட்டாசியில் மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். 2003-ல் அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது, சர்க்கார் ஆள் வந்து பார்ப்பதற்காக ஒரு பைப்பை மண்ணில் சொருகி வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பைப் இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு மழைத்துளியும் தெரியாது.

கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள், மற்றப் புழக்கத்துக்கு மட்டும். போர் ஆழம்? ஒரு மழைக்காலம் கிணற்றை ஊறவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். நீங்கள் ஆழம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஆழமாகப் போடுவார், வேறென்ன!

கேள்வி: தை மாதம் மகன் கல்யாணம். கானாடுகாத்தான் வீட்டிலேயே வைக்கிறோம். 600 பேர் வருவார்கள், 100 பேர் தங்குவார்கள். எத்தனை லாரித் தண்ணீர் சொல்ல வேண்டும்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நல்லபடியாக நடக்கட்டும். தங்குகிறவருக்கு ஆளுக்கு 100 லிட்டர், வந்து சாப்பிட்டுப் போகிறவருக்கு 20 லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 5,000 லிட்டர் என்று நான் கணக்கு வைப்பேன். ஒரு நாளைக்கு 25,000 லிட்டர் வருகிறது. இரண்டு லாரி சொல்லி, மூன்றாவதற்கு ஆள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் தனியாக நல்ல தண்ணீர்.

ஆனால் வருகிற தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த 25,000 லிட்டரும் எங்கே போகும்? பூட்டிக் கிடந்த வீட்டின் கழிவுத் தொட்டி நாலு பேருக்குக் கட்டியது. முகூர்த்தத்தன்று காலை ஏழு மணிக்கு அது பொங்கினால் சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்? மார்கழியிலேயே தொட்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள். கொல்லைப்புறத்தில் வாடகைக் கழிப்பறை நாலைந்து வையுங்கள். பந்திப் பாத்திரத்தை முற்றத்தில் கழுவ விடவே விடாதீர்கள். சாம்பார் எண்ணெயும் சோறும் தூம்பில் போய் உறைந்தால் அடுத்த ஐப்பசிக்குத்தான் தெரியும். கொல்லையில் தனி இடம் ஒதுக்கி, கழுவிய தண்ணீரைச் சாக்கு கட்டி வடித்து வாழைக்குத் திருப்புங்கள்.

சாமான் அறையில் இருக்கும் பித்தளை அண்டாக்களை இறக்குங்கள், புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று இருக்கும். தண்ணீர் நிரப்பலாம். ஈயம் பூசாத பித்தளையில் மோர், ரசம், சாம்பார் ஊற்றக் கூடாது என்று சமையற்காரரிடமும் சொல்லி வையுங்கள். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: பெருமழையில் தெருத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. கலங்கல் தெளிந்துவிட்டது. இனிக் குடிக்கலாமா? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?
- வாசகர், புதுவயல்

பதில்: தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. முதலில் முடிந்தவரை இறைத்து வெளியே விடுங்கள். புதிதாக ஊறிய பிறகு கணக்கு: விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 12,560 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். உங்களுக்கு ஏறக்குறைய 31 கிராம். வெள்ளம் புகுந்த கிணறு என்பதால் முதல் தடவை இதில் இரண்டு மடங்கு போட்டாலும் பயமில்லை, வாடை போகும்வரை குடிக்காமல் இருந்தால் சரி.

பவுடரை அப்படியே உள்ளே தூவாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளிக்கு நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிஷம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கிற தண்ணீரைக் கொஞ்ச நாளைக்குக் கொதிக்க வைத்தே குடியுங்கள். பவுடர் வெகுநாள் திறந்து கிடந்ததாக இருந்தால் வீரியம் போயிருக்கும், புதுப் பொட்டலம் வாங்குங்கள்.

கேள்வி: ஆத்தங்குடித் தரையில் உப்புத் தண்ணீர்க் கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பாத்ரூம் ஆசிட் போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகி, ஆத்தங்குடி

பதில்: ஆத்தங்குடியிலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா ஆத்தா! கண்ணாடியில் வார்த்த சிமென்ட் கல் அது. ஆசிட் பட்டால் கறையோடு மெருகும் நிறமும் போய்விடும். துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தொட்டுத் தேய்யுங்கள். கழுவி விடுவதைக் குறைத்தாலே பாதிக் கறை வராது.

கேள்வி: தொட்டி, அண்டாவெல்லாம் வாரம் ஒருமுறை கொட்டிவிடுகிறோம். ஆனாலும் கொசு குறையவில்லை.
- வாசகர், கண்டனூர்

பதில்: கொட்டினால் போதாது, உள்பக்கம் நாரால் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு தண்ணீர் விளிம்பை ஒட்டிப் பாத்திரச் சுவரில் முட்டையிடும். அது காய்ந்தே மாதக்கணக்கில் இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அதற்குத்தான் வாரம் ஒருமுறைத் தேய்ப்பு. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள்.

கேள்வி: ரோடு உயர்ந்து உயர்ந்து எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. கழிப்பறை வழியாகவும் பொங்குகிறது. வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்கிறார்கள்.
- வாசகர், காரைக்குடி

பதில்: தூக்குவதைப் பிறகு பார்க்கலாம். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே கம்பிச் சட்டம் போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப முடியுமா என்று பாருங்கள். கழிப்பறை பொங்குவதற்கு, வெளியேறும் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு மாட்டலாம். மழை நேரத்தில் கழிவுத் தொட்டியை அடியோடு காலி செய்யாதீர்கள். சுற்று மண் ஊறியிருக்கும்போது வெற்றுத் தொட்டி மேலே தூக்கிக்கொள்ளும். தரையை ஒட்டிய பிளக் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் வாசலை எட்டும்போதே மெயினை அணைத்துவிடுங்கள்.

இதற்கு மேல் சொல்ல எனக்கு அளவு வேண்டும். ரோட்டுக்கும் வாசல்படிக்கும் எத்தனை அங்குலம், தெருச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, கொல்லை தெருவைவிடத் தாழ்வா உயரமா என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.